'பணி இடைவெளி' என்று யார் சொன்னது? வீடு தேடிப் போன கறுப்பினச் செவிலியர்களின் வரலாறு

வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவங்களில் 'பணி இடைவெளி' என்று ஒரு கட்டம் இருக்கும். பிள்ளை வளர்க்க, படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள, ஊர் மாறியதால், வேலையே கிடைக்காததால் என்று எந்தக் காரணத்துக்காக விலகியிருந்தாலும் அத்தனை ஆண்டுகளும் அந்தக் கட்டத்துக்குள் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடும். வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்குப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப நினைக்கும் பெண்களோடு நாங்கள் பேசும்போதெல்லாம் இந்தக் கட்டம்தான் முதலில் வந்து நிற்கிறது. "இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டேன்" என்று அவர்களே சொல்கிறார்கள்.

இந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. எந்த உழைப்பு வேலை, எது வேலை அல்ல. யாருடைய அனுபவம் தகுதி, யாருடையது வெறும் பழக்கம் என்பதையெல்லாம் சட்டமும் சந்தையும் சேர்ந்து முடிவு செய்த வரலாறு அது. அந்த வரலாறு தெளிவாகப் பதிவாகியிருக்கும் இடங்களில் ஒன்று அமெரிக்கா. அடிமைகளாக இருந்தவர்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும்தான் அந்நாட்டின் நோயாளிகளையும் முதியவர்களையும் வீடுகளில் பார்த்துக்கொண்டார்கள். அண்ணல் அம்பேத்கர் 1946ஆம் ஆண்டு கறுப்பின அறிஞர் டுபாய்சுக்கு எழுதிய கடிதத்தில், தீண்டப்படாதோரின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டி, அவர்களைப் படிப்பது அவசியம் என்று குறிப்பிட்டார். அந்தப் படிப்பின் ஒரு சிறு பகுதியாகவே இதை எழுதுகிறோம்.

சமையலறையில் தனியாகச் சாப்பிட்டவர்

மேரி எலிசா மஹோனி 1845இல் பாஸ்டனில் பிறந்தார். அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை ஒன்றில் சமையல், துணி துவைத்தல், துப்புரவு, செவிலியருக்கு எடுபிடி என்று சுமார் 15 ஆண்டுகள் வேலை செய்தார். அதே மருத்துவமனையின் செவிலியர் பயிற்சியில் 1878இல், தம் 33ஆம் வயதில் சேர்ந்தார். அவரோடு சேர்ந்த 42 பேரில் பயிற்சியை முடித்தவர்கள் நான்கு பேர் மட்டுமே. 1879இல் தேறிய மஹோனிதான் அமெரிக்காவில் முறையான பயிற்சி முடித்த முதல் கறுப்பினச் செவிலியர் என்று வரலாறு பதிவு செய்கிறது.

நாம் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மருத்துவமனைக்குள் கழித்த அந்த 15 ஆண்டுகள் எங்கே போயின? நோயாளிகளைத் தூக்கவும் துடைக்கவும் அவர்கள் முகத்தைப் பார்த்தே உடல்நிலையை அறியவும் அவர் அங்கேதான் கற்றிருப்பார். ஆனால் சான்றிதழ் அந்த ஆண்டுகளை எண்ணவில்லை. அவர் செவிலியராகக் கணக்கில் வந்தது 1879இலிருந்துதான்.

பயிற்சிக்குப் பிறகு மருத்துவமனைகளின் கதவு கறுப்பினச் செவிலியர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்ததால், மஹோனி வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் தனிப்பணியை முப்பதாண்டுகளுக்கு மேல் செய்தார். பெரும்பாலும் பணக்கார வெள்ளையர் வீடுகள். அங்கே அவர் வேலைக்காரர்களோடு சேர்ந்து சாப்பிட மறுத்து, சமையலறையில் தனியாகச் சாப்பிடுவார் என்று சொல்லப்படுகிறது. பயிற்சி பெற்ற செவிலியரை வீட்டு வேலைக்காரியாக நடத்தும் வழக்கத்துக்கு அவர் காட்டிய எதிர்ப்பு அது. அந்த எதிர்ப்பின் நியாயம் நமக்குப் புரிகிறது. கூடவே ஒரு சங்கடமும் புரிகிறது. 'நான் வேலைக்காரி இல்லை' என்று சொல்லித்தான் மரியாதையைப் பெற வேண்டும் என்றால், வேலைக்காரியாக இருப்பவருக்கு மரியாதை தேவையில்லை என்றாகிவிடுகிறது. மேலே இருப்பவன் வகுத்த ஏணியில் ஒவ்வொருவரும் தமக்குக் கீழே ஒருவரைத் தேடும் நிலையை அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். வீட்டு மருத்துவப் பணியின் வரலாறு நெடுக இந்த ஏணி வருகிறது.

மாடிப்படி ஏறியவர்கள்

1900இல் நியூயார்க்கின் அறநிலைய அமைப்பு ஒன்று ஜெஸ்ஸி ஸ்லீட் என்ற கறுப்பினச் செவிலியரை இரண்டு மாதச் சோதனைக்காக வேலைக்கு எடுத்தது. கறுப்பின மக்களிடையே காசநோய் பரவியிருந்தது. அவர்கள் வீடுகளுக்குச் சென்று சிகிச்சைக்கு வரச் செய்ய வேண்டும் என்பது வேலை. இரண்டு மாதம் என்று தொடங்கிய வேலை நிரந்தரமானது. தாம் போன வீடுகள், கண்ட நோய்கள் பற்றி அவர் கொடுத்த அறிக்கை அமெரிக்கச் செவிலியர் இதழில் வெளியானது.

அதே நகரில் லில்லியன் வால்ட் 1893இல் தொடங்கிய ஹென்றி தெரு இல்லம், ஏழைகளின் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் முறைக்கு அமெரிக்காவில் முன்மாதிரியானது. 1906இல் அங்கே வேலைக்கு எடுக்கப்பட்ட முதல் கறுப்பினச் செவிலியர் எலிசபெத் டைலர். அவர் போக வேண்டிய நோயாளிகளை யாரும் பட்டியல் போட்டுத் தரவில்லை. கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த சான் ஹுவான் ஹில் பகுதிக்குப் போய், குடியிருப்புக் கட்டடங்களின் காவலாளிகளிடம் பேசி, எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துத் தம் நோயாளிகளைத் தாமே கண்டுபிடித்தார். களப்பணி என்று நாம் இன்று பாடமாகப் படிப்பதை அவர் தேவையிலிருந்து செய்தார்.

தெற்கு மாநிலங்களில் நிலைமை இன்னும் கடுமை. தெற்குக் கரோலைனாவில் மாட் காலன் என்ற செவிலியரும் மருத்துவச்சியுமான பெண், சேற்றுப் பாதைகளில் வண்டி ஓட்டிக்கொண்டு போய்ப் பல ஆயிரம் ஏழைகளுக்குச் சிகிச்சை பார்த்துவந்தார். 1951இல் யூஜின் ஸ்மித் எடுத்த அவருடைய படங்கள் 'லைஃப்' இதழில் வந்தன. படித்தவர்கள் அனுப்பிய பணத்தில் அவருக்கு ஒரு மருத்துவ நிலையம் கட்டப்பட்டது. வாசகர்களின் மனம் இளகியதால் வந்த கட்டடம் அது. அரசு தன் கடமையாகக் கட்டியிருக்க வேண்டிய ஒன்று.

தெருமுனைச் சந்தையும் சட்டத்தின் ஓட்டையும்

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் முதலில் வேலை இழந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். 1935 நவம்பரில் எல்லா பேக்கர், மார்வெல் குக் என்ற இருவர் 'தி க்ரைசிஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் காலையில் பெண்கள் தெருமுனையில் நிற்பார்கள். வீட்டுக்காரப் பெண்கள் வந்து பேரம் பேசி, சில மணிநேர வேலைக்கு அழைத்துப் போவார்கள். அதை 'பிராங்ஸ் அடிமைச் சந்தை' என்றே கட்டுரை அழைத்தது.

அதே ஆண்டு அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் குறைந்தபட்சக் கூலியும் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியமும் தரும் நியாயமான தொழில் தரச் சட்டம் வந்தது. இரண்டுமே விவசாயத் தொழிலாளர்களுக்கும் வீட்டுத் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்புத் தரவில்லை. 1940இல் வேலையில் இருந்த கறுப்பினப் பெண்களில் சுமார் 60 விழுக்காட்டினர் வீட்டுவேலையில் இருந்தார்கள். சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லே இல்லை. தொழிலின் பெயரைச் சொல்லியே ஓர் இனத்தின் பெரும்பகுதியை வெளியே நிறுத்த முடிந்தது. தொழிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் ஊரிலிருந்து வரும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலையிழந்தவர்களுக்கு அரசே வேலை கொடுத்த திட்டத்தின் கீழ், வீட்டு உதவியாளர் பணி என்று ஒன்று உருவாக்கப்பட்டது. நிவாரணப் பட்டியலில் இருந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தாய் நோயுற்ற வீடுகளுக்கும் முதியோர் வீடுகளுக்கும் அனுப்பினார்கள். பல நகரங்களில் அவர்களில் கணிசமானோர் கறுப்பினப் பெண்கள். வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் அரசுச் சம்பளத்தோடு மீண்டும் வேலைக்கு வந்தார்கள் என்பது பெரிய மாற்றம். ஆனால் அவர்கள் செவிலியர் அல்ல என்று விதிகள் அழுத்திச் சொல்லின. நோயாளிக்கு அருகில் நாள் முழுக்க இருப்பவர் அவர். ஆனாலும் அவர் செய்வது மருத்துவப் பணி ஆகாது. மஹோனி நின்ற ஏணிக்குக் கீழே இப்படி இன்னொரு படி போடப்பட்டது. 1943இல் அந்தத் திட்டம் மூடப்பட்டபோது, கற்ற திறனுக்கு எந்தத் தொழில் அங்கீகாரமும் இல்லாமல் அவர்கள் வெளியே வந்தார்கள்.

யாருக்கு அழைப்பு, யாருக்கு ஒதுக்கீடு?

இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை ஏற்பட்டது. திருமணத்துக்குப் பிறகு பணியை விட்டிருந்த செவிலியர்களைத் திரும்ப அழைக்க 1941இலேயே அரசு பணம் ஒதுக்கி, புத்தாக்கப் பயிற்சிகள் நடத்தச் செய்தது. இடைவெளி ஒரு குறையல்ல, சில வாரப் பயிற்சியில் கடந்துவிடக் கூடியது என்று அரசு அன்று ஒப்புக்கொண்டது. தேவை வந்தால் எந்த இடைவெளியையும் அதிகாரம் மன்னிக்கும் என்பதற்கு இது சான்று.

அதே 1941இல் அமெரிக்க இராணுவம் கறுப்பினச் செவிலியர்களுக்கு வைத்த ஒதுக்கீடு எவ்வளவு தெரியுமா? 56 பேர். பயிற்சி முடித்து, பதிவு செய்து, வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பித்த பெண்களுக்கு இந்தப் பதில். பின்னர் அந்த எண்ணிக்கை கூடியது. ஆனால் எடுக்கப்பட்டவர்களில் பலர் ஜெர்மானியப் போர்க் கைதிகளைப் பார்க்க அனுப்பப்பட்டார்கள். எதிரி நாட்டு வெள்ளையரைத் தொடலாம். சொந்த நாட்டு வெள்ளைச் சிப்பாயைத் தொடக்கூடாது. தீண்டாமை என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவதில் எங்களுக்குத் தயக்கமில்லை.

இதை உடைத்தவர் மேபல் ஸ்டாப்பர்ஸ். 1908இல் தொடங்கப்பட்ட கறுப்பினப் பட்டதாரிச் செவிலியர்களின் தேசியச் சங்கத்தின் செயலாளர். பல ஆண்டுகள் கடிதம், மனு, சந்திப்பு என்று ஓயாமல் உழைத்தவர். 1945 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், செவிலியர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். அந்த நாட்களில் இராணுவத் தலைமை மருத்துவர் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் ஸ்டாப்பர்ஸ் எழுந்து, செவிலியர் அவ்வளவு தேவையென்றால் கறுப்பினச் செவிலியர்களை ஏன் இராணுவம் பயன்படுத்தவில்லை என்று கேட்டார். கேள்வி நாளிதழ்களில் வந்தது. கண்டனத் தந்திகள் குவிந்தன. அந்த மாதமே இராணுவமும் கடற்படையும் பாகுபாட்டைக் கைவிடுவதாக அறிவித்தன. 1948இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், மாநிலச் சங்கங்கள் ஒதுக்கியிருந்த கறுப்பினச் செவிலியர்களுக்குத் தன் கதவைத் திறந்தது. 1951இல் ஸ்டாப்பர்ஸின் சங்கம் தன் வேலை முடிந்தது என்று கலைந்தது.

நலத்தொகை வாங்கிய தாய்மார்கள்

சான்றிதழ் பெற்றவர்களுக்குக் கதவு திறந்தது. சான்றிதழ் இல்லாத வீட்டு உதவியாளர்களுக்கு என்ன ஆயிற்று?

1947இல் பிராங்ஸில் உள்ள மான்டிஃபியோர் மருத்துவமனை, நாட்பட்ட நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. படுக்கைச் செலவு குறைந்தது. நோயாளிக்கும் வீடு பிடித்திருந்தது. 1965இல் வந்த மெடிகேர் சட்டம் முதியவர்களின் வீட்டு மருத்துவச் சேவைக்கு அரசுப் பணம் தந்தது. சேவைக்கு ஆள் வேண்டும். ஆள் எங்கிருந்து வந்தார்கள்? 1967இல் அமெரிக்க நாடாளுமன்றம், பிள்ளைகளை வளர்க்க அரசு நலத்தொகை பெறும் தாய்மார்களை வேலைக்கு அனுப்பும் திட்டத்தைச் சட்டமாக்கியது. நலத்தொகை பெறும் தாய்மாரைக் குறைந்த கூலிக்கு வீட்டு உதவியாளர்களாக்கும் முயற்சிகள் பல இடங்களில் நடந்தன. 'வேலை செய்யாத' பெண்களை வேலைக்குத் திருப்புகிறோம் என்றார்கள் ஆட்சியாளர்கள்.

இதற்குப் பதில் சொன்னவர் ஜானி டில்மன். குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சலவைக் கூடத்தில் வேலை செய்து, உடல்நலம் கெட்டு நலத்தொகைக்கு வந்த கறுப்பினத் தாய். 1963இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் நலத்தொகை பெறும் தாய்மார்களைத் திரட்டியவர். பின்னர் தேசிய நல உரிமை அமைப்பின் தலைவரானவர். 1972இல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம் எளியது. பிள்ளை வளர்ப்பதும் வீட்டைப் பார்ப்பதும் உண்மையான வேலை. அரசு அதை வேலை என்று அறிவித்துக் கூலி கொடுத்தால் நலத்தொகைச் சிக்கல் தீர்ந்துவிடும் என்றார். அடுத்தவர் வீட்டில் ஒரு முதியவரைக் குளிப்பாட்டினால் வேலை. சொந்தத் தாயைக் குளிப்பாட்டினால் இடைவெளி. இந்தக் கணக்கைத்தான் அவர் கேள்வி கேட்டார்.

1974இல் அமெரிக்கா தொழில் தரச் சட்டத்தைத் திருத்தி வீட்டுத் தொழிலாளர்களை உள்ளே கொண்டுவந்தது. கூடவே ஒரு விலக்கும் சேர்த்தது: முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் 'துணையிருப்பவர்கள்' இதில் வரமாட்டார்கள். அடுத்த ஆண்டு தொழிலாளர் துறை எழுதிய விதிகள், இலாபத்துக்கு நடக்கும் முகமை நிறுவனங்கள் அனுப்பும் உதவியாளர்களையும் இந்த விலக்கில் அடக்கிவிட்டன. புண்ணுக்குக் கட்டுப்போட்டு, மலம் துடைத்து, இரவெல்லாம் விழித்திருந்த பெண், சட்டத்தின் கண்ணில் பேச்சுத் துணைக்கு வந்தவர்.

ஈவ்லின் கோக் கேட்ட ஊதியம்

ஜமைக்காவிலிருந்து வந்து நியூயார்க்கில் ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்த ஈவ்லின் கோக், சுமார் இருபதாண்டுகள் வீட்டு உதவியாளராக உழைத்தார். சில சமயம் தொடர்ந்து 24 மணி நேரம் நோயாளியோடு இருந்தார். கூடுதல் நேர ஊதியம் கேட்டு 2002இல் தம் முகமை நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உடல்நலம் கெட்டுச் சக்கர நாற்காலியில் நீதிமன்றத்துக்கு வந்தார். 2007 ஜூன் மாதம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். விதி எழுதும் அதிகாரம் தொழிலாளர் துறைக்கு உண்டு, எழுதிய விதி செல்லும் என்றனர். 2009இல் தம் 74ஆம் வயதில் கோக் இறந்தார்.

விதி எழுதும் அதிகாரம் துறைக்கு உண்டென்றால் மாற்றி எழுதவும் உண்டு என்று இயக்கங்கள் தொடர்ந்து போராடின. 2013இல் விதி மாற்றப்பட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டுத் தாமதப்படுத்தியும் 2015இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2025 ஜூலையில் அதே தொழிலாளர் துறை அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முன்மொழிந்திருக்கிறது. வென்ற உரிமை நிலைத்துவிட்டது என்று யாரும் தூங்கிவிட முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நீதிமன்றத்தை மட்டும் நம்பாதவர்களும் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்றபோது, 'உங்களுக்கு முதலாளி நாங்கள் இல்லை' என்றது மாவட்ட நிர்வாகம். நீதிமன்றமும் அதை ஏற்றது. சம்பளம் அரசுப் பணம். ஆனால் முதலாளி என்று யாரும் இல்லை. ஆகவே பேச்சுவார்த்தை நடத்தக்கூடிய ஒரு பொது அமைப்பை உருவாக்கும்படி, முதியோர், மாற்றுத்திறனாளி இயக்கங்களோடு கைகோத்து அவர்கள் சட்டத்தையே மாற்றவைத்தார்கள். வீடு வீடாகச் சிதறிக் கிடந்த 74,000 தொழிலாளர்கள் 1999இல் ஒரே வாக்கெடுப்பில் சங்கமானார்கள். அதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, இலத்தீன, ஆசியப் பெண்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

இளந்தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, 'இடைவெளி' இயற்கையானது அல்ல. 1941இல் அரசுக்குத் தேவைப்பட்டபோது இடைவெளியைக் கடக்கப் பயிற்சியும் பணமும் கிடைத்தன. நம் ஊரில் பணிக்குத் திரும்ப விரும்பும் செவிலியருக்கும் உதவியாளருக்கும் ஊதியத்தோடு புத்தாக்கப் பயிற்சி கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

இரண்டாவது, 'முதலாளி யார்' என்ற கேள்வியை விடக்கூடாது. முகமை அனுப்புகிறது, குடும்பம் வேலை வாங்குகிறது, ஏதாவது ஆனால் இருவரும் கை விரிக்கிறார்கள் என்ற நிலை நாங்கள் பேசும் பெண்களுக்கும் பழகிய ஒன்று. வீட்டுத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2025 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், வீட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த விவாதத்தில் வீட்டில் நோயாளியைப் பார்க்கும் பெண்ணின் பெயரும் வரவேண்டும். 'துணையிருப்பவர்' போன்ற ஒரு சொல் உள்ளே நுழைந்துவிடாமல் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஏணியைப் பற்றியது. நம்மில் பலர் குடும்பத்தின் முதல் செவிலியராக, முதல் பட்டதாரியாக வருகிறோம். 'நான் ஆயா இல்லை, நர்ஸ்' என்று சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் நமக்கும் வருகிறது. அந்த நிர்ப்பந்தத்தை உருவாக்கியவர்கள் மீது நம் கோபம் இருக்கட்டும், ஆயா மீது வேண்டாம். ஸ்டாப்பர்ஸின் சங்கம் கலைந்த 1951இல், பிராங்ஸ் தெருமுனையில் நின்ற பெண்களுக்கு நியாயக் கூலிச் சட்டம் வர இன்னும் 23 ஆண்டுகள் பாக்கி இருந்தன என்பதை நினைவில் வையுங்கள்.

மாணவத் தோழர்கள் கள ஆய்வுக்குப் போகும்போது ஒரு வேலையைச் செய்யலாம். 'வேலை இல்லை', 'இல்லத்தரசி' என்று எழுதும் இடத்தில் எழுதிவிட்டு நகராமல், அந்த ஆண்டுகளில் யாரைப் பார்த்துக்கொண்டார், என்ன நோய், இரவில் எத்தனை முறை எழுந்தார், மருந்து யார் கொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். நாளைக்கு ஒரு பெண் வேலைக்குத் திரும்பும்போது, அனுபவம் என்ற கட்டத்தில் நிரப்ப அந்தப் பதில்கள் அவருக்குத் தேவைப்படும்.